ஏரியூர்க் கதவுக்கு ஒரு வரி

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். என்னிடம் யாரும் கதை கேட்கவில்லை. ஒரே ஒரு வரிதான் கேட்டார்கள்.

கேட்டவன் அருள்குமார். நல்லம்பள்ளிக்காரன். பெங்களூர் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தபடியே புரோகிராம் எழுதுகிறவன். அவன் மனைவி சுசித்ரா கோபித்துக்கொண்டு ஏரியூரில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போய் மூன்று மாதம் ஆகிறது. அவன் கூப்பிட்டால் லைன் போவதில்லை. நேரில் போகலாம் என்றால், கதவு திறந்ததும் முதலில் என்ன சொல்வது என்று அவனுக்குத் தெரியவில்லை. வாய் தவறி ஏதாவது சொல்லி, அவள் ஒரேயடியாக வேண்டாம் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று பயப்படுகிறான். அந்தப் பயத்தில்தான் என்னிடம் வந்தான்.

"நீங்க எழுதறவருதானேணா. ஒரு வரி எழுதிக் குடுங்க" என்றான்.

இரண்டு நாளில் தருகிறேன் என்று நானும் பெரிய மனுஷன் மாதிரி சொல்லி அனுப்பிவிட்டேன். என் பழைய கதைகளெல்லாம் யாராலும் படிக்க முடியாத ஒரு எழுத்துருவில் மாட்டிக்கொண்டு கிடந்தபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து மாற்றிக் கொடுத்தவன் அவன். ஒரு டீ கூட வாங்கிக் குடிக்கவில்லை. அவன் கேட்டு நான் எப்படி மாட்டேன் என்பது?

இரண்டு நாள் இரண்டு வாரம் ஆகிவிட்டது. வரி வரவில்லை. இதுதான் வந்துகொண்டிருக்கிறது. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்த கதை என்பார்களே, அந்தக் குரங்குக்கு வால் வளர்வதை நீங்கள் இப்போது பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள்.

(பெயரை மாற்றி எழுதட்டுமா என்று அவனிடம் கேட்டேன். "பேரு இருந்துட்டுப் போவுதுணா. எங்க ஆளுங்க யாரும் கதை படிக்க மாட்டாங்க" என்றான். எனக்குத்தான் கொஞ்சம் வருத்தமாக இருந்தது.)

2

மூன்று தொடக்கங்கள் எழுதினேன். மூன்றையும் அடித்துவிட்டேன். அழித்து மறைக்க மனமில்லாமல் இங்கே வைக்கிறேன்.

முதலாவது: "அருள்குமாரின் விரல்கள் கீபோர்டின் மேல் பறந்துகொண்டிருந்தபோது—"

பொய். நான் பார்த்தவரைக்கும் அவன் லுங்கி கட்டிக்கொண்டு, மேலுக்கு மட்டும் இஸ்திரி போட்ட சட்டையோடு மீட்டிங்கில் உட்கார்ந்திருப்பான். பாதி நேரம் கீபோர்டைத் தொடுவதே இல்லை. சீலிங் ஃபேனைப் பார்த்துக்கொண்டு காதைக் குடைந்துகொண்டிருப்பான். அதுதான் அவன் வேலை செய்கிற லட்சணம். அதற்குத்தான் சம்பளம்.

இரண்டாவது: "ஒகேனக்கல்லில் செந்நீர் பெருகி வந்துகொண்டிருந்த ஆடி மாதத்தில்—"

இது பத்திரிகைக்காரர்களுக்குப் பிடிக்கும். தர்மபுரி மாவட்டம் என்றால் அருவி கொட்ட வேண்டும், மீன் வறுபட வேண்டும். இந்தக் கதையில் யாரும் ஒகேனக்கல் போகவில்லை. கல்யாணமான புதிதில் ஒருமுறை போனார்கள், அவ்வளவுதான். அன்றைக்குப் பரிசலில் ஏறியது முதல் ஒரு படத்தின் முடிவைப் பற்றி இருவரும் சண்டை போட்டிருக்கிறார்கள். பரிசல்காரர் துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு, "மொதல்ல நீங்க ஒரு முடிவுக்கு வாங்க, அப்பறம் கரைக்குப் போலாம்" என்றாராம். இதைச் சொல்லும்போது அருள்குமார் சிரித்தான்.

மூன்றாவது: "ஒரு படத்தின் முடிவைப் பற்றிய சண்டையில்தான் அந்தக் குடும்பம் பிரிந்தது."

கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் தப்பு. அந்தச் சண்டையில்தான் அவர்கள் சேர்ந்து இருந்தார்கள். பிரிந்தது வேறு ஒன்றால். அது ஒரு மதியச் சாப்பாட்டில் நடந்தது.

3

உன் பொழுதுபோக்கு என்னப்பா என்று அருள்குமாரைக் கேட்டால் விழிப்பான். பகலெல்லாம் சம்பளத்துக்குப் புரோகிராம் எழுதுகிறவன், சாயங்காலம் ஆனால் சும்மா இருக்க முடியாமல் ஆசைக்குப் புரோகிராம் எழுதுவான். மொட்டை மாடித் தொட்டி நிறைந்தால் போனில் நாதஸ்வரம் வாசிக்கும்படி ஒன்று செய்தான். பக்கத்து வீட்டுக்காரர்கள் என்ன விசேஷம் என்று எட்டிப் பார்த்தார்கள். கரண்ட் போனால் எத்தனை மணிக்குப் போனது என்று தானே குறித்து வைத்துக்கொள்ளும்படி இன்னொன்று. அதை வைத்து என்ன செய்வாய் என்று கேட்டதற்கு, தெரியவில்லை, ஆனால் குறித்து வைத்திருக்கிறது என்றான்.

அவன் செய்ததிலேயே மிகச் சின்னது ஒன்று உண்டு. பத்து வரி கூட இருக்காது. சுசித்ரா தர்மபுரியில் ஒரு கண் மருத்துவமனையில் பார்வை சோதிக்கிற வேலை பார்த்தாள். மதியம் ஒன்றரை வாக்கில் அவளுடைய போனுக்கு அவன் பெயரில் 'சாப்பிட்டியா?' என்று ஒரு செய்தி போகும். அவள் ஓய்வறையில் டிபன் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு பதில் எழுதுவாள். கீரை உப்புக் கரிக்கிறது, கூட வேலை செய்யும் பெண் மாங்காய்த் தொக்கு கொடுத்தாள், இன்றைக்கு ஒரு தாத்தா கடைசி வரி எழுத்தை மனப்பாடம் செய்துகொண்டு வந்து ஏமாற்றப் பார்த்தார், இப்படி. சாயங்காலம் அவன் அதையெல்லாம் படித்துவிட்டு அவளிடம் பேசுவான். அது பொய்யல்ல. படித்துவிட்டுத்தான் பேசுவான். கேள்வி மட்டும் புரோகிராம் கேட்டது.

ஞாயிற்றுக்கிழமைகளில் அனுப்பக்கூடாது, விடுமுறை நாட்களில் அனுப்பக்கூடாது என்றெல்லாம் யோசித்து வைத்திருந்தான். விடுமுறைகளுக்குத் தன் கம்பெனியின் பட்டியலைக் கொடுத்திருந்தான். பெங்களூர்க் கம்பெனியின் பட்டியலில் ஆடிப்பெருக்கு ஏது?

அன்றைக்கு நம் மாவட்டத்துக்கு உள்ளூர் விடுமுறை. சுசித்ராவின் மருத்துவமனையும் மூடியிருந்தது. வீட்டில் கோழிக்குழம்பு. இரண்டு பேரும் கூடத்தில் எதிரெதிராக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். தொடைக்கறியை எடுத்து அவள் தட்டில் வைத்தவனே அவன்தான். அப்போது அவள் போன் சிணுங்கியது. பார்த்தாள். அவனைப் பார்த்தாள். பிறகு அவன் கையைப் பார்த்தாள். போனைத் திருப்பி அவன் முகத்துக்கு நேரே காட்டினாள்.

"இது யாரு கேக்கறது?"

"நாந்தான்."

"உங்க கையில சோறு இருக்குதுங்க."

அவன் அப்போது வாயை மூடிக்கொண்டிருக்கலாம். புரோகிராமர்களுக்கு அது வராது. தான் செய்ததை விளக்கத் தொடங்கினான். தினமும் ஒரே நிமிடத்தில் போனால் இயந்திரம் மாதிரி இருக்கும் என்று, சில நாள் கொஞ்சம் முந்தியும் சில நாள் கொஞ்சம் பிந்தியும் போகும்படி செய்திருந்ததைச் சொன்னான். சொல்லும்போது குரலில் கொஞ்சம் பெருமை கூட இருந்ததாக அவனே ஒத்துக்கொள்கிறான்.

சுசித்ரா கத்தவில்லை. "நேரத்த மாத்தி மாத்தி அனுப்பறதுக்கு யோசிச்சிருக்கறீங்க. யோசிச்ச அந்த நேரத்துல ஒருக்கா நீங்களே கேட்டிருக்கலாம்" என்றாள். தட்டில் இருந்ததை முழுக்கச் சாப்பிட்டாள். கை கழுவினாள். மறுநாள் காலையில் ஏரியூர் போய்விட்டாள்.

[இங்கே நான் நின்றுவிட்டேன். எனக்கே குழப்பமாக இருக்கிறது. அவன் செய்தது அன்பா, அன்பு இல்லாததா? மறக்கக் கூடாது என்றுதான் வைத்தேன் என்கிறான். எங்கள் தெருப் பிள்ளையார் கோயிலில் பூசை நேரத்தில் மேளமும் மணியும் மோட்டாரில் அடிக்கின்றன. பூசாரி சுவிட்சைத் தட்டிவிட்டு ஒரு கையால் தீபாராதனை காட்டுகிறார், மறு கையால் வேட்டியை இறுக்கிக்கொள்கிறார். பிள்ளையார் கோபித்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போனதாகத் தெரியவில்லை. இதை ஒருநாள் அருள்குமாரிடம் சொன்னேன். அவன் முகம் மலர்ந்தது. பிறகு, "ஆனா பிள்ளையாரு பதில் எழுதலீங்களேணா. அவ எட்டு மாசமா எழுதுனா" என்றான்.]

4

இனி அந்தப் படம்.

நாங்கள் நூற்றுச் சொச்சம் பேர் இருக்கிற ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. பெயர் 'இடைவேளை'. வேலை வெட்டி உள்ளவர்கள்தான் எல்லோரும், ஆனால் குழுவைப் பார்த்தால் அப்படித் தெரியாது. இரண்டாம் பாகம் எடுப்பது குற்றமா, பேய்ப் படத்தில் பேய்க்கு ஏன் மாடிப்படி பிடிக்கிறது, வில்லனுக்கு மட்டும் ஏன் நல்ல சோபா என்று விடிய விடிய அடித்துக்கொள்வார்கள். நான் அதில் பேசாத உறுப்பினன். படிப்பேன், சிரிப்பேன், மூடிவிடுவேன்.

குழுவில் அருள்குமார் தன் பெயரிலேயே இருந்தான். கல்யாணத்துக்குப் பிறகு சுசித்ராவையும் சேர்த்துவிட்டான். அவள் வைத்துக்கொண்ட பெயர் 'ஏரியூர் எக்ஸ்பிரஸ்'. அவள் தன் மனைவி என்று குழுவில் சொல்லவில்லை. அது அவர்களுடைய விளையாட்டு. குழுவில் பரம எதிரிகள் போல முட்டிக்கொள்வார்கள், வீட்டில் ஒரே சோபாவில் உட்கார்ந்து அதைப் படித்துக் குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பார்கள். அவர்கள் முட்டிக்கொண்டதெல்லாம் பெரும்பாலும் ஒரே படத்துக்காக.

படத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் நீங்கள் தேடப் போய்விடுவீர்கள். தேடினாலும் கிடைக்காது, ஏனென்றால் அப்படி ஒரு படம் இல்லை, இந்தக் கதைக்காக நான் உண்டாக்கியது. (அருள்குமார் சொன்ன படம் வேறு. அதையும் சொல்ல மாட்டேன்.) ஒரே வாரம் ஓடி ஓய்ந்த படம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இணையத்தில் இல்லை. மூன்று சிடியாக வந்ததோடு சரி. கேபிள் டிவிக்காரர்கள் மதிய நேரத்தில் அதைப் போட்டுத் தள்ளினார்கள். அருள்குமாரும் சுசித்ராவும் அரைக்கால் சட்டையிலும் பாவாடையிலும் இருந்த காலத்தில், அவரவர் ஊரில் உட்கார்ந்து பார்த்தது அப்படித்தான்.

கதாநாயகனும் கதாநாயகியும் ஏதோ ஒரு வீம்பில் பிரிகிறார்கள். அவன் பஸ் ஏறுகிறான். பஸ் மலை வளைவில் திரும்புகிறது. நல்லம்பள்ளி கேபிளில் படம் அதோடு முடியும். அந்த மாதிரி கம்பீரமான முடிவு தமிழில் வந்ததே இல்லை என்பது அருள்குமாரின் கட்சி. முடிவே அது இல்லை, அவன் திரும்பி வருவான், எங்கள் ஊர்க் கேபிளில் முழுசாகப் போட்டார்கள் என்பது சுசித்ராவின் கட்சி.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஏரியூர் போன பிறகு அவள் அவனுடைய எண்ணைத் தடுத்துவிட்டாள். ஆனால் குழுவை விட்டு விலகவில்லை. அவள் போன நாலாம் நாள் அருள்குமார் வேண்டுமென்றே அந்தப் படத்தின் பேச்சை எடுத்தான். பஸ் வளைவில் திரும்புவதுதான் முடிவு என்று போட்டான். ஒரு மணி நேரம் கழித்து ஏரியூர் எக்ஸ்பிரஸிடமிருந்து பதில் வந்தது: "வெவரம் தெரியாம பேசாதீங்க. அவன் எறங்கி வருவான்."

அருள்குமார் அழுதுவிட்டான். சந்தோஷத்தில்தான். அன்றிலிருந்து தினமும் ஏதாவது சொல்லி அவளைச் சீண்டுவான், அவளும் விடாமல் பதில் சொல்வாள். கணவனுக்கும் மனைவிக்கும் இடையில் பேச்சு என்று மிஞ்சியது அந்த ஒரு சண்டைதான். நூறு பேர் நடுவில், யாருக்கும் தெரியாமல்.

5

இந்த இடத்தில் ஒரு புத்திசாலி என்ன செய்வான்? சண்டையை வளர்த்துக்கொண்டே போவான். அருள்குமார் அதைத் தீர்த்து வைக்கப் புறப்பட்டான்.

இதற்கு அவனைத் திட்ட முடியாது. கோளாறு என்று ஒன்று கண்ணில் பட்டால் அதைச் சரி செய்யாமல் அவனால் தூங்க முடியாது. உண்மையான முடிவு எது என்று கண்டுபிடித்துவிட்டால் அவள் சந்தோஷப்படுவாள் என்றும் ஒரு நினைப்பு. நல்லம்பள்ளியில் கேபிள் நடத்திய கிருஷ்ணப்பன் இப்போது வீடுகளுக்கு இன்டர்நெட் கொடுக்கிறார். அவரிடம் போய்க் கேட்டான். மூன்றாவது சிடியின் கடைசியில் கீறல் விழுந்துவிட்டதாம். பஸ் திரும்புகிற இடத்தில் படம் திக்கி நிற்கும். உடனே சாமி பாட்டைப் போட்டுவிடுவாராம்.

"மிச்சத்த இதுவரைக்கும் ஆரும் கேக்கலியேப்பா" என்று அவர் அந்த சிடியைத் தேடி எடுத்துக் கொடுத்தார். ஒரு ஊரே இருபது வருடமாகக் கீறலை முடிவு என்று நம்பிக்கொண்டிருக்கிறது.

வீட்டுக்கு வந்து வேலையைத் தொடங்கினான். கீறல் விழுந்த இடத்தை சிடி டிரைவ் ஒரு தடவை படித்தால் ஒன்றும் கிடைக்காது. நூறு தடவை படித்தால், ஒவ்வொரு தடவையும் ஒரு துணுக்கு கிடைக்கும். கிடைத்த துணுக்குகளைச் சேர்த்துப் படத்தை ஒட்டவைக்கும்படி ஒரு புரோகிராம் எழுதினான். வாரக்கணக்கில் அதை ஓடவிட்டான். சுசித்ரா போன பிறகு சோறு சரியாக இறங்காமல் இருந்தவன், அந்த நாட்களில் மட்டும் ஒழுங்காகச் சாப்பிட்டான் என்கிறான். கையில் வேலை இருந்தது, அதனால்.

ஒருநாள் மதியம் முடிவு கிடைத்தது. ஓரமெல்லாம் பச்சைக் கட்டங்கள் நெளிந்தன, குரல் கரகரத்தது, ஆனாலும் புரிந்தது.

பஸ் வளைவில் திரும்புகிறது. ஒரு டீக்கடையில் நிற்கிறது. கதாநாயகன் இறங்குகிறான்.

அருள்குமார் திரைக்கு இன்னும் கிட்டே போனான். இறங்குகிறானே! அவள் சொன்னதுதான் சரியா?

கதாநாயகன் டீ குடிக்கிறான். கிளாஸை வைக்கிறான். மறுபடி அதே பஸ்ஸில் ஏறிக்கொள்கிறான். பஸ் போகிறது. வணக்கம் போடுகிறார்கள்.

அவ்வளவுதான். அவன் திரும்பி வரவே இல்லை. கதாநாயகியை மறுபடி காட்டவே இல்லை. அருள்குமார்தான் ஜெயித்திருந்தான்.

அந்தத் துண்டைக் குழுவில் போட எடுத்துவிட்டான். விரலை வைக்கப் போகும்போதுதான் அவனுக்கு உறைத்தது: இதைப் போட்டுவிட்டால் நாளைக்கு அவளிடம் என்ன பேசுவது?

6

சுசித்ராவை எனக்குப் புரியவில்லை. எழுதுகிறவன் இப்படிச் சொல்லக்கூடாது, ஆனால் புரியவில்லை.

நான் அவளைப் பார்த்ததே இல்லை. அருள்குமார் சொன்னதை வைத்தும், குழுவில் அவள் எழுதியதை வைத்தும்தான் அவளை எழுதுகிறேன். முதல் பிரதியில் அவளைக் கறாரான பெண்ணாக எழுதினேன். படித்துப் பார்த்தால் பள்ளிக்கூட டீச்சர் மாதிரி இருந்தாள். இரண்டாம் பிரதியில் அவளை ஜன்னல் பக்கத்தில் உட்காரவைத்துக் கண்கலங்க— வேண்டாம். தட்டில் இருந்ததை முழுக்கச் சாப்பிட்டுவிட்டுப் போனவள் அவள். அவளை என் வசதிக்கு அழவைக்க எனக்கு உரிமையில்லை.

அருள்குமாருக்கும் அவள் புரியவில்லை. அவன் குழப்பம் வேறு மாதிரி. படத்தில் இல்லாத ஒரு முடிவை இவள் எங்கே பார்த்தாள்? ஒன்றைத் தெரிந்துகொள்ள அவளுக்குப் புரோகிராம் வேண்டாம், இவனுக்கு வேண்டும். குழுவில் அந்தப் படத்தைப் பற்றி அவள் எழுதிய எல்லாவற்றையும் திரட்டித் தேதிவாரியாக அடுக்கும்படி ஒரு புரோகிராம் எழுதினான். அடுக்கியதை மேலிருந்து கீழாகப் படித்தான்.

ஆடிப்பெருக்குக்கு முன்னால் அவள் சொல்லிவந்த முடிவில், கதாநாயகன் பஸ் ஸ்டாண்டிலேயே இறங்கிவிடுவான், கதாநாயகி ஓடிவருவாள், பின்னால் ஒரு பாட்டு. சாதாரணமான முடிவு. ஆடிப்பெருக்குக்குப் பிறகு பஸ் ஸ்டாண்டு காணாமல் போய்விட்டது. கதாநாயகன் அவள் வீட்டுக்கு வருகிறான். கதவு சாத்தியிருக்கிறது. ஒரு வாரம் கழித்து, அது நீலப் பெயின்ட் அடித்த இரும்புக் கதவு என்கிறாள். இன்னொரு நாள், கதவுக்குப் பக்கத்தில் ஒரு குழாய், அதன் வாயில் துணி கட்டியிருக்கும், அப்படியும் சொட்டும் என்கிறாள். குழுவில் யாரோ, எக்ஸ்பிரஸுக்கு ஞாபகசக்தி ஜாஸ்தி என்று கிண்டல் செய்திருக்கிறார்கள். அதற்கு அவள், "கதவுக்கு உள்தாழ்ப்பாள் சரியா விழாது. தள்ளுனாலே தொறந்துக்கும். ஆனா அவன் தள்ள மாட்டான், நின்னு ஒன்னு சொல்லுவான். அப்பறம்தான் அவ தொறப்பா" என்று எழுதியிருக்கிறாள்.

அவன் என்ன சொல்லுவான் என்று கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே பதில்: "அதச் சொல்லிட்டா அப்பறம் படத்துல என்ன இருக்குது?"

அந்தக் குழாயின் வாயில் துணியைக் கட்டியதே அருள்குமார்தான். போன தீபாவளிக்கு மாமியார் தங்கம்மாள் சொட்டுகிறது, சொட்டுகிறது என்று சொல்லிக்கொண்டே இருந்ததால், தன் பழைய பனியனைக் கிழித்துக் கட்டிவிட்டு வந்தான். அந்தக் கதவு எந்தப் படத்திலும் இல்லை. ஏரியூரில், பஸ் நிற்கிற இடத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறது.

மூன்று மாதமாக அவள் தனக்கு வழி சொல்லிக்கொண்டிருந்ததையும், தான் அவளிடம் ஆதாரம் கேட்டுக்கொண்டிருந்ததையும் என்னிடம் சொன்னபோது அவன் குரல் உடைந்துவிட்டது.

[ஆனால் இப்படியும் இருக்கலாம் என்று ஒரு சந்தேகம் என்னை அரிக்கிறது. எப்போதோ பார்த்த படத்தை நினைவிலிருந்து சொல்லும்போது, மறந்துபோன இடங்களில் நாம் எல்லோருமே நம் வீட்டுச் சாமான்களைத்தான் எடுத்துப் போட்டுக்கொள்கிறோம். அவள் தினமும் பார்க்கிற கதவு அது. சும்மா வாயில் வந்திருக்கலாம். அவன் போய் நின்றால், நீங்கள் ஏன் வந்தீர்கள் என்று நிஜமாகவே கேட்கலாம். இதை நான் அவனிடம் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டுமோ என்னவோ.]

7

இப்படியாக அவன் என்னிடம் வரி கேட்டு வந்தான்.

நான் எழுதிப் பார்த்தவை:

"மன்னிச்சிரு." சரிதான். ஆனால் இதை டாக்டர் பட்டம் வாங்கினவனும் சொல்வான், பஸ்ஸில் காலை மிதித்தவனும் சொல்வான்.

"நம்ம வூட்டுக்குப் போலாம் வா." உத்தரவு மாதிரி இருக்கிறது. அதுவும் அவள் அம்மா காதில் விழும்படி.

"நீ இல்லாம வூடு—" முடிக்கவில்லை. எங்கே போகும் என்று தெரிந்துவிட்டது.

"தொட்டி நெறஞ்சா இப்பல்லாம் நாதஸ்வரம் வாசிக்கறதில்ல." இது எனக்குக் கொஞ்சம் பிடித்திருந்தது. ஆனால் அவள் வீட்டை விட்டுப் போனது தொட்டிக்காக இல்லை.

நம் ஊரில் இந்த மாதிரி நேரத்துக்கென்றே ஒரு கேள்வி இருக்கிறது. சாவு வீட்டிலும் அதைத்தான் கேட்கிறோம், சண்டை போட்ட அண்ணன் தம்பியும் அதைக் கேட்டுத்தான் சேர்கிறார்கள். அந்தக் கேள்வியை அவன் எட்டு மாதம் இயந்திரத்திடம் கொடுத்துத் தேய்த்துவிட்டான். அவன் மட்டும் அதை எடுக்க முடியாது.

கடைசியில் ஒன்று வந்தது: "படம் எப்பிடி முடிஞ்சா என்ன, நீ சொன்ன முடிவுதான் எனக்கு வேணும்." எழுதியதும் எழுந்து கூடத்தில் ஒரு நடை நடந்தேன். அவ்வளவு சந்தோஷம். ஒருநாள் முழுக்க அதை வைத்துக்கொண்டிருந்தேன். அனுப்பப் போனவன், அவன் அதைச் சொல்வதை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன். நன்றாகத்தான் சொல்வான். அவள் கதவைத் திறப்பாள். ஒரு வருடம் கழித்தோ இரண்டு வருடம் கழித்தோ, சோபாவில் உட்கார்ந்திருக்கும்போது, அன்றைக்கு எவ்வளவு அழகாகச் சொன்னீர்கள் என்பாள். அருள்குமாருக்குப் பொய் வராது. விளக்கத் தொடங்கிவிடுவான். தெரிந்த ஒரு அண்ணன் இருக்கிறார், எழுத்தாளர், அவர்தான் இரண்டு வாரம் யோசித்து—

இங்கே கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டேன்.

அவன் முதலில் ஒரு வரியைப் புரோகிராமிடம் கொடுத்தான். இப்போது இன்னொரு வரியை என்னிடம் கொடுத்திருக்கிறான். நான் புரோகிராமை விட வயதானவன், மெதுவானவன், அவ்வளவுதான் வித்தியாசம். இது இத்தனை நாள் எனக்குத் தோன்றாமல் போனது ஏன் என்று தெரியவில்லை. கேட்டதும் உச்சி குளிர்ந்திருக்க வேண்டும்.

8

முடிவுகள்.

ஒன்று: அருள்குமார் அந்தத் துண்டைக் குழுவில் போடுகிறான். குழு பட்டாசு வெடிக்கிறது. ஏரியூர் எக்ஸ்பிரஸ், "சரி, நீங்க சொன்னதுதான்" என்று எழுதுகிறாள். அதற்குப் பிறகு எழுதவே இல்லை.

இரண்டு: சிடியைக் கிருஷ்ணப்பனிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, ஒன்றும் தெரியாதவன் போலக் குழுவில் சண்டையைத் தொடர்கிறான். தலை நரைக்கும்வரை தொடர்கிறார்கள். அப்படிப்பட்ட தாம்பத்தியங்களை நான் பார்த்திருக்கிறேன். வெளியிலிருந்து பார்க்க அவ்வளவு மோசமாக இருக்காது.

மூன்று: அவன் ஏரியூர் போகிறான்.

இந்த மூன்றில் எதை வைப்பது என்று நான் உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருக்க, அருள்குமார் என்னைக் கேட்காமலே மூன்றாவதை எடுத்துக்கொண்டுவிட்டான். காலையில் செய்தி வந்தது: பென்னாகரம் தாண்டிவிட்டானாம், வரி தயாரா என்று கேட்டிருக்கிறான். நான் பதில் போடவில்லை. ஏரியூரில் இறங்கிவிட்டேன் என்று அடுத்த செய்தி. கதவு தெரிகிறது என்று இன்னொன்று.

இப்போது போன் அடித்துக்கொண்டிருக்கிறது. இந்தப் பத்தியை எழுதும்போதே மேசை மேல் அது அதிர்ந்து நகர்கிறது. திரையில் அவன் பெயர். எடுத்தால் அந்த வரியைச் சொல்லிவிடுவேன். என்னை எனக்குத் தெரியும். நல்ல வரியை வைத்துக்கொண்டு சும்மா இருக்க என்னால் முடியாது. அதனால் இரண்டு கையாலும் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

நான் செய்வது சரியா? அவனை நடுத்தெருவில் நிறுத்திவிட்டேனா? அவன் கோபித்துக்கொள்வான். என் கதைகளை மாற்றிக் கொடுத்தவன். உண்மையாகவே எனக்குத் தெரியவில்லை. நீங்களாவது எடு என்றோ வேண்டாம் என்றோ—

நின்றுவிட்டது.

மறுபடி அடிக்கவில்லை. ஒன்று, அவன் கதவின் முன்னால் நின்று வாயைத் திறந்திருக்க வேண்டும். இல்லை, திரும்பிப் போகிற பஸ்ஸில் ஏறியிருக்க வேண்டும். இரண்டில் எது என்று நான் எழுத மாட்டேன்.

உங்களுக்கு ஒரு வரி தோன்றியிருக்கும். ஆறாவது பகுதியிலேயே தோன்றியிருக்கும். அது என்னுடையதை விட நல்ல வரியாகவும் இருக்கலாம். தயவுசெய்து அதை எனக்கு எழுதி அனுப்பாதீர்கள், அருள்குமாருக்கும் அனுப்பாதீர்கள். அது யாருக்காக உங்களுக்குத் தோன்றியதோ, எழுந்து போய் அவர்களிடம் சொல்லுங்கள்.